கோட்டிங்கனுக்குத் திரும்பி வந்தவர்கள்



1953ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரம் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. 953ஆம் ஆண்டின் பழைய ஆவணம் ஒன்றில் அந்த ஊரின் பெயர் முதன்முதலாக வருகிறது. அதைக் கணக்கிட்டு எடுத்த விழா அது. அந்த ஆண்டில் நகரம் தன் கௌரவக் குடிமக்களாக அறிவித்தவர்களில் இருவர் இயற்பியலாளர்கள்: மாக்ஸ் போர்ன், ஜேம்ஸ் ஃப்ராங்க். இருவரும் 1882இல் பிறந்தவர்கள், இளமையிலிருந்தே நண்பர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் வாழ முடியாமல் வெளியேறியவர்களும் இவர்களே.

படித்த ஊருக்குப் பல ஆண்டு கழித்துத் திரும்பிப் போவது பற்றிப் பேசும்போது விடுதி, உணவகம், பழைய பேராசிரியர், மாறிப்போன தெரு என்றே பேச்சு போகும். பழைய மாணவர் சங்கக் கூட்டங்களின் இனிமை அதில்தான் இருக்கிறது. இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொள்வது வேறொரு திரும்புதல். ஊர் துரத்திவிட்டது, பிறகு அதே ஊர் கூப்பிட்டது, போனவர்கள் என்ன செய்தார்கள், ஊர் அவர்களிடம் என்ன கேட்டது, என்ன கேட்காமல் விட்டது என்பதுதான் பொருள்.

கோட்டிங்கன் பெரிய ஊர் அல்ல. பழைய மதில் மேட்டின் மீதே நடந்து ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி வந்துவிடலாம். பல்கலைக்கழகம் 1737இல் முறையாகத் தொடங்கப்பட்டது. ஹனோவரின் ஆட்சியாளரும் இங்கிலாந்தின் மன்னருமான இரண்டாம் ஜார்ஜின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. கணித மேதை காஸ் 1807 முதல் 1855இல் இறக்கும்வரை இங்கே வானாய்வகத்தின் தலைவராக இருந்தார். அவரும் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபரும் 1833இல் ஊரின் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்து மின்தந்தி அனுப்பினார்கள்.

அந்த ஊரில் 1874 முதல் ஒரு வழக்கம் உண்டு. பெயர்பெற்ற ஒருவர் குடியிருந்த வீட்டின் முகப்பில், அவர் மறைவுக்குப் பின், பெயரும் அங்கே வாழ்ந்த ஆண்டும் பொறித்த கல்வெட்டு ஒன்றைப் பதிப்பார்கள். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை ஊரில் காணலாம். பேராசிரியர், மாணவர், ஒரு பருவம் மட்டும் வாடகைக்குத் தங்கியவர் என்ற வேற்றுமை கிடையாது. அடுமனை மாடியிலும் பூட்டுக்கடை மாடியிலும் மேதைகள் குடியிருந்திருக்கிறார்கள். பல ஆண்டு கழித்து இங்கே வருகிறவருக்குத் தெருவே வருகைப் பதிவேடு ஆகிவிடுகிறது.

ஊரின் இன்னொரு அடையாளம் பழைய நகர மன்றத்தின் முன் நிற்கும் வாத்து மேய்க்கும் சிறுமியின் சிலை. 1901இல் நீரூற்றின் மேல் அது நிறுவப்பட்டது. முனைவர் பட்டம் பெற்றவர் ஏறிப்போய் அந்தச் சிறுமிக்கு முத்தம் கொடுத்துப் பூச்செண்டு வைக்க வேண்டும். 1926இல் நகர நிர்வாகம் இதற்குத் தடை போட்டது. மாணவர்கள் பொருட்படுத்தவில்லை. இன்றும் பட்டம் பெற்றவர்களை நண்பர்கள் அலங்கரித்த வண்டியில் ஏற்றி இழுத்து வருகிறார்கள்.

இத்தனை மகிழ்ச்சியான ஊர் 1837இலேயே ஒரு முறை தன் அறிஞர்களைத் துரத்தியிருக்கிறது. ஹனோவரின் புதிய மன்னர் அரசமைப்பை ரத்து செய்தபோது ஏழு பேராசிரியர்கள் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஏழு பேரும் வேலை இழந்தார்கள். தந்திக் கம்பி இழுத்த வெபர் அவர்களில் ஒருவர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவர். அண்ணன் யாக்கோப் கிரிம் மூன்று நாளுக்குள் நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டியதாயிற்று. வெபர் பிற்பாடு 1849இல் பழைய பதவிக்கே திரும்பினார். துரத்துவதும் திருப்பி அழைப்பதும் இந்த ஊருக்குப் புதிது அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 1933க்கு வர வேண்டும்.

அதற்கு முன், இழந்தது என்ன என்று தெரிய வேண்டும்.

1895இல் டேவிட் ஹில்பர்ட் வந்த பிறகு கோட்டிங்கன் உலகக் கணிதத்தின் தலைநகரம் ஆனது. வில்ஹெல்ம் வெபர் தெருவில் இருந்த அவர் வீட்டுத் தோட்டத்தில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நீளமான கரும்பலகை ஒன்று இருந்தது. மழையிலும் நடந்துகொண்டே எழுதுவதற்காக மேலே கூரை போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் எழுதுவார். சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுவார். மறுபடி வந்து எழுதுவார். 1904இல் மாணவராக வந்த போர்ன், ஹில்பர்ட்டின் விரிவுரைகளைப் படியெடுக்கும் தனி உதவியாளரானார். 1915இல் எம்மி நோதர் வந்தார். பெண் என்பதால் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கத் தயங்கியது. ஹில்பர்ட் தம் பெயரில் அறிவித்த வகுப்புகளை அவர் எடுத்தார். 1919இல்தான் அவருக்குச் சொந்தப் பெயரில் பாடம் நடத்தும் உரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, இன்று எல்லா இயற்பியல் மாணவரும் படிக்கும் நோதர் தேற்றத்தை அவர் வெளியிட்டிருந்தார்.

1921இல் போர்ன் பேராசிரியராகத் திரும்பினார். தாம் வர வேண்டுமானால் ஃப்ராங்க்குக்கும் ஓர் இடம் வேண்டும் என்று வாதாடி வாங்கினார். கோட்பாட்டைப் போர்ன் பார்த்துக்கொள்வார், சோதனைக்கூடத்தை ஃப்ராங்க் பார்த்துக்கொள்வார். ஒருவர் கதவை மற்றவர் எந்நேரமும் தட்டலாம். 1925 ஜூலையில் போர்னின் இளம் உதவியாளர் வெர்னர் ஹைசன்பர்க், ஹெல்கோலாண்ட் தீவில் உட்கார்ந்து செய்த வினோதமான கணக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இரு அளவுகளைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடை மாறியது. போர்ன் சில நாள் தூக்கமின்றி யோசித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் ப்ரெஸ்லாவ் நகரத்தில் ரோசானஸ் என்ற ஆசிரியரிடம் கற்ற அணிக் கணிதம்தான் அது என்று பிடிபட்டது. குவாண்டம் இயக்கவியல் அப்படித்தான் உருப்பெற்றது.

அடுத்த ஆண்டு போர்ன் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்றில், அலைச்சார்பு என்பது துகள் எங்கே இருக்கலாம் என்ற நிகழ்தகவைச் சொல்கிறது என்று எழுதினார். அந்த நிகழ்தகவு அலைச்சார்பின் இருமடியைப் பொறுத்தது என்ற முக்கியமான திருத்தம், அச்சுப்படி பார்க்கும்போது சேர்த்த ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது. இன்று இயற்பியல் மாணவர் முதல் மாதத்திலேயே கற்கும் விதி, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உலகத்துக்கு வந்தது.

ஓப்பன்ஹைமர் 1927இல் போர்னிடம் முனைவர் பட்டம் பெற்றார். இந்த ஊரிலேயே வளர்ந்த மரியா கோப்பர்ட்டின் முனைவர் பட்டத் தேர்வை 1930இல் நடத்தியவர்கள் போர்ன், ஃப்ராங்க், வேதியியலாளர் விண்டாவுஸ். மூவருமே வாழ்நாளில் நோபல் பரிசு பெற்றவர்கள். அந்தப் பெண்ணும் 1963இல் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1931 கோடையைப் போர்னின் நிறுவனத்தில் கழித்தார். விண்மீன்களின் மேற்பரப்பு பற்றிய கணக்குகள் அவருக்கு அங்கே வேலை. இருபது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இந்த மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார் என்பது இந்த அவைக்குப் பெருமை தரும் செய்தி. ஆனால் அவர் பார்த்த கோட்டிங்கனுக்கு இன்னும் இரண்டே ஆண்டுதான் ஆயுள்.

1933 ஏப்ரல் 7ஆம் தேதி ஹிட்லர் அரசு அரசுப் பணியாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் அது. முதல் உலகப் போரில் போர்முனையில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. யூதரானாலும், போரில் இரும்புச் சிலுவை வாங்கிய ஃப்ராங்க் பதவியில் தாராளமாகத் தொடர்ந்திருக்கலாம். பத்தாவது நாள், ஏப்ரல் 17 அன்று, அவர் தாமாகவே பதவி விலகினார். காரணத்தையும் பத்திரிகையில் வெளியிட்டார்.

அடுத்து நடந்ததை நின்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் 42 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், ஃப்ராங்கைக் கண்டித்து. அவர் விலகியது நாட்டுக்கு எதிரான நாசவேலைக்குச் சமம், அரசு களையெடுப்பை இன்னும் விரைவாக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார்கள். தினமும் ஒரே நூலகத்தில் புத்தகம் எடுத்தவர்கள், ஒரே மதில் மேட்டில் மாலை நடை போனவர்கள். சட்டம் பெர்லினிலிருந்து வந்தது. அறிக்கை அடுத்த அறையிலிருந்து வந்தது. ஊருக்குத் திரும்பிப் போவது ஏன் கடினம் என்பதற்கு இந்த 42 கையெழுத்துகளே விடை.

ஏப்ரல் 25 அன்று போர்ன், கணிதர் ரிச்சர்ட் கூரன்ட், நோதர் உள்ளிட்டோர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். மே 10 அன்று ஊரின் சதுக்கத்தில் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். நவம்பரில் யூதரான கணிதப் பேராசிரியர் எட்மண்ட் லாண்டாவ் வகுப்பெடுக்கப் போனபோது வாசலை மாணவர்கள் மறித்தார்கள். அந்த மறியலை நடத்தியவர் டைச்முல்லர் என்ற மிகத் திறமையான கணித மாணவர். திறமை யாரையும் காப்பாற்றுவதில்லை என்பது இங்கே உறுத்துகிறது. வேலை போன நோதர் தம் வீட்டிலேயே பாடம் நடத்தினார். ஒரு மாணவர் நாஜிப் படையின் சீருடையோடு வந்து உட்கார்ந்தார். நோதர் அதையும் பொருட்படுத்தாமல் பாடத்தைத் தொடர்ந்தார் என்று அவரை அறிந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

யூதர்கள் போன பிறகு கோட்டிங்கனில் கணிதம் எப்படி இருக்கிறது என்று கல்வி அமைச்சர் கேட்டபோது, இப்போது இங்கே கணிதமே இல்லையே என்று ஹில்பர்ட் சொன்னதாகக் கணித உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1943 பிப்ரவரியில் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான்.

திரும்பி வந்தவர்களில் முதலாமவர் நோதர். அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் வேலை கிடைத்துப் போனவர், 1934 கோடையில் தம்பி ஃப்ரிட்ஸையும் நண்பர்களையும் பார்க்க ஜெர்மனிக்கு வந்தார், கோட்டிங்கனுக்கும் வந்தார். நூலகத்தைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி கிடைத்தது. என்ன தகுதியில்? வெளிநாட்டு அறிஞர் என்ற தகுதியில். பதினெட்டு ஆண்டு வேலை செய்த இடத்தில், ஓராண்டுக்குள், அவர் வெளியாள் ஆகிவிட்டார். அவர் அதைப் பற்றிப் புலம்பவில்லை. வேண்டிய நூல்களைப் படித்துவிட்டு அமெரிக்கா திரும்பினார். அடுத்த ஏப்ரலில், ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின், 53 வயதில் இறந்தார்.

போர்ன் போன பாதை நம் பக்கமாக வந்தது. 1935இல் சி.வி. ராமன் அழைத்து, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் ஆறு மாதம் போல இருந்தார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் பெருமுயற்சி செய்தார். கூட்டத்தில் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாட்டாலேயே விரட்டப்பட்ட இரண்டாந்தர அயல்நாட்டார் நமக்குத் தேவையில்லை என்ற பொருள்படப் பேசினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அழுததாகப் போர்ன் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1936இல் எடின்பரோ அவரை ஏற்றுக்கொண்டது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

போர் முடிந்தபோது ஜெர்மன் நகரங்களில் பல கற்குவியலாகக் கிடந்தன. கோட்டிங்கன் பெரும்பாலும் தப்பியிருந்தது. 1945 செப்டம்பரிலேயே வகுப்புகள் தொடங்கின. மாக்ஸ் பிளாங்க் தம் கடைசி இரண்டு ஆண்டுகளை இங்கே கழித்தார். ஓட்டோ ஹானும் ஹைசன்பர்க்கும் இங்கே குடிவந்தார்கள். மாக்ஸ் பிளாங்க் கழகம் 1948 பிப்ரவரியில் இந்த ஊரில்தான் நிறுவப்பட்டது. ரிச்சர்ட் கூரன்ட் 1947இல் வந்து பார்த்தபோது, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் அவர் முன்னின்று கட்டி 1929இல் திறந்த கணித நிறுவனம் பன்சன் தெருவில் அப்படியே நின்றது. கட்டடம் இருந்தது. அதில் உட்கார்ந்து வாதாட வேண்டியவர்கள் நியூயார்க்கிலும் பிரின்ஸ்டனிலும் இருந்தார்கள். கூரன்ட் நியூயார்க்குக்கே திரும்பினார். கோட்டிங்கனின் வழிமுறையை அங்கே புதிதாக வளர்த்தெடுத்தார். இன்று அந்த நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கௌரவக் குடியுரிமை பெற்ற இருவரில் ஃப்ராங்க் சிகாகோவிலேயே வாழ்ந்தார். அவருடைய நோபல் பதக்கத்தின் கதை தனியானது. நாஜிகள் 1940இல் டென்மார்க்கைப் பிடித்தபோது, கோப்பன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் பத்திரமாக வைத்திருந்த ஃப்ராங்க்கின் பதக்கத்தையும் இயற்பியலாளர் லாவேயின் பதக்கத்தையும் ஹெவெசி என்ற வேதியியலாளர் இராச திரவத்தில் கரைத்து அலமாரியில் வைத்துவிட்டார். போருக்குப் பின் அதே தங்கத்தைப் பிரித்தெடுத்துப் புதிதாக வார்த்துக் கொடுத்தார்கள். தங்கத்தை மீட்க முடிந்தது; பன்சன் தெருவில் இருந்த கூட்டத்தை யாரும் மீட்டுத் தரவில்லை. ஆனாலும் ஃப்ராங்க் வந்து போனார். ஜப்பான் மீது முன்னறிவிப்பின்றி அணுகுண்டு போடக் கூடாது என்று 1945 ஜூனில் அறிக்கை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கிய மனிதர் அவர். 1964 மே மாதம், 81ஆம் வயதில், கோட்டிங்கனுக்கு வந்திருந்தபோதே இறந்தார்.

போர்ன் எடுத்த முடிவுதான் பலரை அதிர வைத்தது. எடின்பரோவில் கிடைத்த ஓய்வூதியம் சிறியது. ஜெர்மனியில் பழைய உரிமைகள் திரும்பக் கிடைத்தன. அவரும் மனைவி ஹெட்விக்கும் கோட்டிங்கனுக்கு வடமேற்கே இருக்கும் பாட் பிர்மான்ட் என்ற சிற்றூரில் வீடு கட்டிக் குடியேறினார்கள். நம் மக்களைக் கொன்று குவித்தவர்களின் நாட்டுக்கா திரும்புகிறாய் என்ற பொருளில் ஐன்ஸ்டைன் எழுதினார். ஜெர்மனியில் இருக்கும் குவேக்கர்கள் எங்களைவிட அதிகம் துன்பப்பட்டவர்கள், அவர்கள் நடுவேதான் வாழப் போகிறோம் என்று போர்ன் விளக்கினார். ஹெட்விக் குவேக்கர் நெறியைத் தழுவியவர். ஐன்ஸ்டைனின் கோபம் நியாயமானது. போர்னின் முடிவு அதனால் தவறாகிவிடாது என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின.

1954இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது, அந்த அடிக்குறிப்புக் கட்டுரைக்காக, 28 ஆண்டு தாமதமாக. 1933இல் ஹைசன்பர்க் தாம் மட்டும் பரிசு பெற்றதற்கு மனம் உறுத்துகிறது என்று போர்னுக்குக் கடிதம் எழுதியிருந்தார். பரிசு கொடுத்த செல்வாக்கைப் போர்ன் உடனே பயன்படுத்தினார். 1955இல் ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் விடுத்த அணு ஆயுத எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்டார். 1957இல் அடினாவர் அரசு மேற்கு ஜெர்மன் படைக்கு அணு ஆயுதம் கொடுக்க முனைந்தது. அவை வெறும் பீரங்கியின் அடுத்த கட்டம்தான் என்று அடினாவர் பேசினார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, 18 விஞ்ஞானிகள் அறிக்கை வெளியிட்டார்கள்: அணு ஆயுதத்தை ஆக்குவதிலோ சோதிப்பதிலோ பயன்படுத்துவதிலோ எங்களில் எவரும் பங்குகொள்ள மாட்டோம். ஹான், ஹைசன்பர்க், லாவே, வைட்ஸேக்கர் ஆகியோரோடு போர்னும் அதில் ஒருவர். 1837இன் எழுவரை நினைவூட்டும் வகையில் அவர்களைக் கோட்டிங்கன் பதினெண்மர் என்றே அழைத்தார்கள்.

வெளியேற்றப்பட்டவரும் உள்ளேயே தங்கிவிட்டவர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். கோட்டிங்கனுக்குத் திரும்பியவர்களின் கதையில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி இல்லை. விருந்தினராக வந்துபோய்க்கொண்டிருந்தால் போர்னுக்கு இது வாய்த்திருக்காது. அந்த நாட்டில் வரி கட்டி வாழ்பவர் என்ற உரிமையில்தான் அவர் அந்த அரசை எதிர்த்தார்.

ஆனால் ஊர் செய்யத் தவறியது ஒன்று உண்டு. 1962இல் அமெரிக்க அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் ஃப்ராங்கையும் போர்னையும் பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்தார். குவாண்டம் இயற்பியல் எப்படிப் பிறந்தது என்பதைப் பதிந்து வைக்கும் பெருந்திட்டத்துக்காக அந்தப் பேட்டிகள். ஆனால் 1933இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது, யார் கையெழுத்திட்டார்கள், காலியான நாற்காலிகளில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றி விரிவான ஆய்வு நூல் வெளிவர 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தின் 250ஆவது ஆண்டு அது. அதற்குள் ஃப்ராங்க் இறந்து 23 ஆண்டு, போர்ன் இறந்து 17 ஆண்டு, கூரன்ட் இறந்து 15 ஆண்டு ஆகியிருந்தன. 1951இல் பிரின்ஸ்டனிலிருந்து நிரந்தரமாகவே கோட்டிங்கனுக்குத் திரும்பிய கணிதர் சீகல் 1981இல் மறைந்துவிட்டார். கௌரவக் குடியுரிமை கொடுத்த 1953ஆம் ஆண்டிலேயே யாராவது ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்; அந்த 42 பேரைப் பெயர் பெயராக அறிந்திருந்த சாட்சிகள் ஊருக்குள்ளேயே வந்து நின்றார்கள். பாட் பிர்மான்ட்டுக்கு ரயிலில் போயிருந்தாலும் போதும்; போர்ன் பதினாறு ஆண்டு அங்கே இருந்தார்.